டெமாவைக் கேட்டுத் தண்டையார்பேட்டையை எழுதுவது எப்படி?

ராப் எழுதக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டு வரும் பிள்ளைகளை நான் முதலில் ஆப்பிரிக்கப் பாடகர்களைக் கேட்கச் சொல்கிறேன். அமெரிக்கப் பாடகர்களை அவர்கள் ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அந்த உச்சரிப்பும் கையசைவும்கூட வந்துவிட்டன. வராதது ஒன்றுதான்: தன் தெருவைப் பற்றித் தன் மொழியில், கேட்டவர் மனத்தில் நிற்கும்படி எட்டு வரி. அந்த வேலையை நமக்கு முன்னால் செய்துகாட்டியவர்கள் ஆப்பிரிக்க நகரங்களின் பாடகர்கள். கடல் கடந்து வந்த ஒரு வடிவத்தைத் தங்கள் பாட்டிமார் பேசிய மொழிக்குப் பழக்கினார்கள். தங்கள் பேட்டையின் பெயரை அதில் ஏற்றினார்கள். நமக்கும் அதே வேலைதான் இருக்கிறது.

நான் தமிழ் ஆசிரியை. வடசென்னையின் தண்டையார்பேட்டையில் வீடு. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் மொட்டை மாடியில் காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பிள்ளைகள் கூடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்லித்தருவதையே இங்கே எழுதுகிறேன். குழப்பம் வராமல் இருக்க ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மேற்கு ஆப்பிரிக்க நாட்டைக் குறிக்கும்போது ‘கானா நாடு’ என்றும், நம் பக்கத்துப் பாட்டைக் குறிக்கும்போது ‘கானாப் பாட்டு’ என்றும் எழுதுகிறேன். இரண்டும் இந்தக் கட்டுரையில் அடிக்கடி வரும்.

முதலில் ஓர் ஊரைத் தேர்ந்தெடுங்கள்

‘ஆப்பிரிக்க ராப்’ என்று தேடினால் கடலில் விழுந்ததுபோல் ஆகிவிடும். அது 54 நாடுகள் கொண்ட கண்டம்; மொழிகள் ஆயிரத்துக்கும் மேல். ஆகவே ஓர் ஊரைப் பிடியுங்கள். அந்த ஊர் உங்கள் ஊரோடு எந்த வகையிலாவது பேசுவதாக இருக்கட்டும்.

துறைமுகத்தை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு நான் டெமாவைச் சொல்கிறேன். கானா நாட்டின் பெரிய துறைமுக நகரம் அது. நாட்டின் விடுதலைத் தலைவர் குவாமே என்க்ரூமா காலத்தில் திட்டமிட்டுக் கட்டப்பட்டது. துறைமுகம் 1962-இல் திறக்கப்பட்டது. அந்த இடத்தில் முன்பு இருந்த மீனவக் கிராமத்து மக்களைப் பக்கத்தில் வேறோர் இடத்துக்குக் குடியமர்த்திவிட்டுத்தான் துறைமுகம் வந்தது. இதைச் சொன்னதும் எண்ணூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. டெமாவின் குடியிருப்புகளுக்குப் பெயருக்குப் பதிலாக எண்கள்தான்: கம்யூனிட்டி ஒன்று, கம்யூனிட்டி ஒன்பது என்று. அந்த எண்களைப் பாட்டில் பெருமையோடு ஏற்றிய ஊர் அது. சார்கோடி அங்கிருந்து வந்தவர். தன் நாட்டு ட்வி மொழியில் மின்னல் வேகத்தில் பாடி, 2019-இல் அமெரிக்காவின் பெட் ஹிப் ஹாப் விருதுகளில் சிறந்த சர்வதேசப் பாடகருக்கான விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றார். ஆங்கிலத்துக்கு மாறாமலேயே அந்த மேடைக்குப் போனார் என்பதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்கிறேன்.

கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கின் புகையில் வளர்ந்தவர்களுக்குக் கென்யத் தலைநகர் நைரோபியின் டண்டோரா. அந்த நகரத்தின் பெரிய குப்பைமேடு அங்கேதான் இருக்கிறது. 1990-களில் அங்கிருந்து எழுந்த கலமஷாகா குழு ஸ்வாஹிலியிலும் நைரோபித் தெருப்பேச்சான ஷெங்கிலும் பாடியது. அவர்களைச் சுற்றி உருவான பெரிய கூட்டணி, ஆங்கிலேயருக்கு எதிராகப் போராடிய மாவ் மாவ் வீரர்களின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டது. குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வரலாற்றின் பெயரைச் சூடிக்கொள்வதில் ஒரு நிமிர்வு இருக்கிறது. அந்த நிமிர்வைத்தான் நம் பிள்ளைகள் கற்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

பெருநகரத்தின் நிழலில் இருப்பதாக உணர்கிறவர்களுக்குத் தென்னாப்பிரிக்காவின் மாஹிகெங். ஜோகன்னஸ்பர்க்கின் வெளிச்சத்திலிருந்து தொலைவில், போட்ஸ்வானா எல்லையோரத்தில் உள்ள சிறிய நகரம். செத்ஸ்வானாவையும் ஆங்கிலத்தையும் ஒரே வரியில் பின்னும் ‘மோட்ஸ்வாகோ’ என்ற பாணி அங்கே தழைத்தது. 2018-இல் மறைந்த எச்.எச்.பி. அதை நாடெங்கும் கொண்டுபோனார். கூலி சானா தொடர்ந்தார். அதே ஊரின் கேஸ்பர் நியோவெஸ்ட் 2015-இல் ஜோகன்னஸ்பர்க்கின் டோம் அரங்கையே நிரப்பிக்காட்டினார். பாடகர்கள் தங்கள் ஊரைச் செல்லப்பெயர் வைத்து அழைப்பதைப் பாட்டுக்குப் பாட்டு கேட்கலாம்.

நைஜீரியாவின் லாகோஸ் நகரத்துப் பரிகாவிலிருந்து யோருபா மொழியில் பாடும் ஓலமிடே, நைரோபியின் கிபேராவிலிருந்து வந்த ஆக்டோபிஸ்ஸோ, செனகலின் காவோலாக் நகரத்துக் கெர் கி குழு என்று பட்டியல் நீளும். ஒரு மாதத்துக்கு ஒன்றே போதும். அதற்கு மேல் எடுத்தால் எதுவும் காதில் தங்காது.

மூன்று முறை கேட்பது

முதல் முறை கேட்கும்போது பொருளைத் தேடக் கூடாது. மொழி தெரியவில்லை என்பது இங்கே வரம். கையால் தொடையில் தட்டிக்கொண்டே கேளுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, மறுபடி ஒன்று. இந்த நான்கு தட்டுகள் சேர்ந்தது ஒரு பார். பாடகர் ஒரு பாரில் எத்தனை அசைகளை அடக்குகிறார், எங்கே மூச்சு வாங்குகிறார், எந்தத் தட்டில் சொல்லை வேண்டுமென்றே தாமதிக்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். வேகம் அதிகமாக இருந்தால் கைப்பேசியில் பாடலின் வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்துக்கொள்ளலாம். சார்கோடியை நான் அப்படித்தான் கேட்கச் சொல்கிறேன். வேகத்தைக் குறைத்தால் ஓர் உண்மை தெரியும்: அந்த ஓட்டத்தில் ஓர் எழுத்துகூட விழுங்கப்படவில்லை. அவருடைய வேகத்துக்கு அடியில் இருப்பது தெளிவான உச்சரிப்பு.

இரண்டாவது முறை கையில் பேனா வேண்டும். ஒரே மாதிரி ஒலிக்கும் இடங்களைக் கோடிட்டு வாருங்கள். வரியின் முடிவிலா, நடுவிலா, தொடக்கத்திலா? ஸ்வாஹிலியில் ஏறக்குறைய எல்லாச் சொல்லும் உயிரெழுத்தில் முடியும். ஆகவே வரிமுடிவில் ஓசை ஒன்றுவது எளிது. எளிதாகக் கிடைப்பதில் பெருமை இல்லை என்று தெரிந்த பாடகர் என்ன செய்கிறார்? சொல்லின் ஈற்றயல் அசையில்தான் அந்த மொழியில் அழுத்தம் விழும். அங்கிருந்தே ஓசையைப் பிடித்து, இரண்டு மூன்று அசைகளைச் சேர்த்து ஒன்றவைக்கிறார். பெயருக்கும் அதன் அடைமொழிக்கும் எண்ணுக்கும் ஒரே முன்னொட்டு வருவதால், வரியின் உள்ளேயே மோனைபோல் ஒரு கட்டு விழுகிறது. இலக்கணமே பாடகருக்குக் கொடுத்த கொடை அது. நல்ல பாடகர் அதை வீணாக்குவதில்லை.

மூன்றாவது முறைதான் பொருள். வரிகளின் மொழிபெயர்ப்பு கிடைத்தால் படியுங்கள். கிடைக்காவிட்டால் இடப்பெயர்களையும் ஆட்பெயர்களையும் மட்டும் பொறுக்குங்கள். ஆக்டோபிஸ்ஸோ தன் பெயரிலேயே எட்டு என்ற எண்ணை வைத்திருக்கிறார். கிபேராவுக்குப் போகும் மட்டாட்டு என்ற தனியார் சிற்றுந்துத் தடத்தின் எண் அது. ஒரு பஸ் எண்ணைப் பேராக மாற்றிக்கொண்ட அந்த மனத்தைப் பற்றிப் பிள்ளைகளோடு நெடுநேரம் பேசியிருக்கிறேன். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி-யில் ஏறாத வடசென்னைக்காரர் யார்? அந்த ஒரு வண்டிக்குள் இரண்டு சென்னைகள் இருக்கின்றன. பாட்டு அங்கே காத்திருக்கிறது.

நம் கையில் இருக்கும் கருவிகள்

இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். தமிழில் ராப் எழுதுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் வரிமுடிவிலேயே தொங்குகிறார்கள். ‘நான் வருகிறேன், நான் பாடுகிறேன், உன்னைத் தேடுகிறேன், வாழ்க்கையில் ஓடுகிறேன்’ என்று எழுதிக்கொண்டு வந்து நீட்டுவார்கள். தமிழில் வினை கடைசியில் வரும். எழுவாய் ஒன்றானால் வினைமுற்றின் விகுதியும் ஒன்றே. ஆகவே வரிமுடிவு தானாகவே ஒன்றிவிடும். அதற்குப் புலமை தேவையில்லை. ஸ்வாஹிலிப் பாடகர் எளிதானதை விட்டு உள்ளே போனதுபோல நாமும் உள்ளே போக வேண்டும்.

உள்ளே போனால் நம் யாப்பு காத்துக்கொண்டிருக்கிறது. முதலெழுத்து ஒன்றினால் மோனை. இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. அப்போது முதலெழுத்துகள் இரண்டும் குறிலாகவோ இரண்டும் நெடிலாகவோ இருக்க வேண்டும். முடிவு ஒன்றினால் இயைபு. ஒரு வரி முடிந்த சொல்லில் அடுத்த வரியைத் தொடங்கினால் அந்தாதி. பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்த இவை எல்லாம் மேடையில் உயிரோடு எழுந்து நிற்கும். குறிப்பாக எதுகை. உலகத்தின் பல மொழிகள் வரியின் வாலில் ஓசை தேடும்போது, தமிழ் வரியின் தலையில் தேடுகிறது. ஆங்கில ராப்பைப் பார்த்து வாலையே பிடித்துத் தொங்கினால் நம் பங்குக்குரிய சொத்தை விட்டுவிடுகிறோம்.

செய்துபார்ப்போம். காசிமேட்டை எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘வலை’ என்ற சொல்லை எடுங்கள். இரண்டாம் எழுத்து ‘லை’ வரும் குறில் தொடக்கச் சொற்களை எழுதுங்கள்: அலை, விலை, தலை, உலை, நிலை, கலை, இலை, சிலை. இவற்றில் காசிமேட்டோடு உறவுள்ளவை எவை? அலை, விலை, உலை. ஒரு மீனவக் குடும்பத்தின் நாள் முழுவதும் இந்த மூன்று சொல்லுக்குள் வந்துவிட்டது. ஓசையைத் தேடிப் போனோம். பொருளும் கூடவே வந்தது. பிள்ளைகளுக்காக நான் எழுதிக்காட்டிய நான்கு வரிகள் இவை:

வலை காயும் மணலிலே விடியற்காலை
விலை கூவும் குரலிலே விழிக்கும் சாலை
அலை இருக்கும், படகில்லை தடைக்காலம்
உலை இருக்கும், அரிசிக்குக் கடன் ஓலம்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்தச் செய்தி தெரிந்தவர்களுக்கு மூன்றாம் வரி சட்டென்று பிடிபடும். தெரியாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். விளக்கத்தை வரிக்குள் திணிக்க வேண்டாம். டண்டோராப் பாடகர்கள் உங்களுக்காக நைரோபியை விளக்கிக்கொண்டிருக்கவில்லை. தங்கள் ஆட்களிடம் பேசினார்கள், நாம் ஒட்டுக்கேட்டோம்.

அதைக் கேட்ட பிறகு, தாய் மீன் விற்கும் ஒரு பெண் பிள்ளை எழுதிக்கொண்டு வந்தது:

கூடை சுமந்து குனிந்தது அம்மா கழுத்து
பாடம் படித்து நிமிர்ந்தது என் எழுத்து

என்னுடைய நான்கு வரிகளைவிட இந்த இரண்டும் உயர்ந்தவை. கூடைக்கும் பாடத்துக்கும் எதுகை, கழுத்துக்கும் எழுத்துக்கும் இயைபு, நடுவில் குனிந்ததும் நிமிர்ந்ததும் முரண்தொடை. மூன்று தொடையும் இரண்டு வரிக்குள். இலக்கணப் பெயர்களை அந்தப் பிள்ளை யோசித்து எழுதவில்லை, காது பழகியிருந்தது.

இன்னொன்றையும் யோருபாவிடமிருந்து கற்கலாம். அது தொனி மொழி. குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லின் பொருளே மாறிவிடும். ட்வியும் அப்படித்தான். எனவே அந்தப் பாடகர் இசைக்காகக் குரலை இஷ்டத்துக்கு ஏற்றி இறக்க முடியாது. சொல்லின் தொனிக்கு ஏற்பவே மெட்டு நகர வேண்டும். 2009-இல் வந்த நைஜீரியப் பாடகர் டாக்ரினின் யோருபாத் தொகுப்பைக் கேட்டால் பேச்சும் பாட்டும் பிரியாமல் ஓடுவதை உணரலாம். அடுத்த ஆண்டே அவர் இளவயதில் இறந்துபோனார். அவர் திறந்த வழியில் ஓலமிடே போன்றவர்கள் நடந்தார்கள். தமிழுக்குத் தொனி இல்லை. ஆனால் குறிலும் நெடிலும் இருக்கின்றன. தாளத்தில் இடம் மிஞ்சுகிறது என்று குறிலை நீட்டினால் மலை மாலையாகிவிடும், விடு வீடாகிவிடும், குடம் கூடமாகிவிடும். இடம் மிஞ்சினால் மௌனமாக விடுங்கள், அல்லது வேறு சொல் தேடுங்கள். சொல்லை இழுக்காதீர்கள். லகர ளகர ழகரத்தையும் விட்டுக்கொடுக்காதீர்கள். வடசென்னைக்காரருக்கு ழகரம் வராது என்று ஊரே சொல்லிக்கொண்டிருக்கும்போது, மேடையில் அதைச் சுத்தமாகச் சொல்வது ஒரு பதில்.

நாக்குப் பழகுவதற்கு அருணகிரிநாதரின் சந்தப் பாடல்களைத் தருகிறேன். மெதுவாகத் தொடங்கி, எழுத்து சிதையாமல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வேகம் கூட்ட வேண்டும். அதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியாது.

எந்த மொழியில் எழுதுவது

“டீச்சர், நான் வீட்டில் பேசுகிற மாதிரி எழுதினால் சிரிப்பார்களே?” என்று கேட்காத பிள்ளை இல்லை. அப்போது ஷோ மஜோஸியைக் காட்டுகிறேன். தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்துப் பெண். சோங்கா மொழி பேசுகிறவர்களை மற்றவர்கள் இளக்காரமாகப் பார்த்த நாட்டில், அந்த மொழியிலேயே ராப் பாடி, தன் மக்களின் நடன உடையான ஷிபெலானிப் பாவாடையைக் கட்டிக்கொண்டு மேடையேறினார். 2019-இல் பெட் விருதும் வாங்கினார். கேலி செய்யப்பட்டதையே கொடியாகத் தூக்கிப்பிடித்தவர்.

ஆகவே நீங்கள் வீட்டில் எப்படிப் பேசுகிறீர்களோ அப்படியே எழுதுங்கள். தமிழ் ஆசிரியை இப்படிச் சொல்வதில் முரண் எதுவும் இல்லை. உங்கள் தெருப்பேச்சுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு, எதுகை மோனை உண்டு. தெலுங்கும் உருதும் ஆங்கிலமும் நம் பேச்சில் கலந்திருப்பது துறைமுகத்தின் வரலாறு. மோட்ஸ்வாகோக்காரர்கள் கலப்பைக் கலையாக்கியது எப்படி என்று கேளுங்கள்: மொழி மாறும் இடம் பெரும்பாலும் தாளத்தின் அழுத்தமான தட்டில் விழும், அல்லது நகைச்சுவை வெடிக்கும் இடத்தில் வரும். சொல் கிடைக்காமல் ஆங்கிலத்துக்குத் தாவுவது அங்கே நடக்காது. நீங்களும் காரணத்தோடு கலந்தால் கலக்கலாம்.

பழமொழிகளைச் சேருங்கள். கானா நாட்டின் ஒப்ராஃபோர் 1999-இல் வெளியிட்ட முதல் தொகுப்பு இன்றும் கொண்டாடப்படுவதற்கு ஒரு காரணம், அக்கான் மக்களின் ஆழ்ந்த ட்வி நடையையும் பழமொழிகளையும் அவர் ராப்புக்குள் கொண்டுவந்தது. பெரியவர்களும் அவருக்குக் காது கொடுத்தார்கள். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் வரிசையில் பத்து நிமிடம் நின்றால் உங்கள் ஆயா வயதுப் பெண்கள் பேசும் பேச்சில் அரை நோட்டுப் புத்தகம் நிறையும்.

கானாப் பாட்டுக்காரர்களிடம் போவது

செனகலில் ‘தஸ்ஸு’ என்று ஒரு வாய்மொழிப் பா இருக்கிறது. திருமணத்திலும் பெயர்சூட்டு விழாவிலும் சபார் மேளத்தின் அடிக்கு ஏற்பப் பெண்கள் தாளத்தோடு சொல்வது. டக்காரில் 1989-இல் உருவான பாசிட்டிவ் பிளாக் சோல் குழுவுக்குப் பிறகு வந்த அந்நாட்டு ராப் பாடகர்கள் பலர், இது எங்களுக்குப் புதிதல்ல, எங்கள் வீட்டுப் பெண்கள் நெடுங்காலமாகச் செய்துவருவதுதான் என்று உரிமையோடு சொல்கிறார்கள்.

நமக்கும் அந்த உரிமை இருக்கிறது. சாவு வீட்டில் இரவெல்லாம் டோலக்கின் துணையோடு, இறந்தவரின் வாழ்க்கையை அங்கேயே கோத்துப் பாடுகிற கானாப் பாட்டுக்காரர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். எழுதிவைக்காமல், யோசிக்க நேரமும் இல்லாமல், கேட்பவர் அழவும் சிரிக்கவும் வைக்கிறார்கள். உங்கள் பேட்டையில் இருக்கும் மூத்த பாடகர் ஒருவரைத் தேடிப் போங்கள். அண்ணன் என்றோ ஐயா என்றோ அழைத்து, முதலில் உட்கார்ந்து கேளுங்கள். பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள். அவருடைய மெட்டையோ வரியையோ எடுத்தால் பெயரைச் சொல்லுங்கள். பணம் வந்தால் பங்கு கொடுங்கள். நம் ஊரில் கானாப் பாட்டுக்காரர்களின் பாட்டை எடுத்தவர்கள் எல்லோரும் இதைச் செய்யவில்லை. நீங்கள் செய்யுங்கள்.

பெருமை என்றால் எது

திரையில் வடசென்னை என்றால் கத்தி. பதினைந்து வயதுப் பையன் எழுதும் முதல் பாட்டிலும் அந்தக் கத்தியே வந்து விழுகிறது. கத்தியை அவன் பார்த்ததே இல்லை; படத்தில்தான் பார்த்தான். அந்த வரிகளை நான் அடித்துவிடச் சொல்கிறேன். உன் கண்ணால் கண்டதை எழுது, உன் வீட்டில் நடந்ததை எழுது. உன் வீட்டில் வன்முறை நடந்திருந்தால் அதையும் எழுதலாம். ஆனால் அதை அலங்காரமாக எழுதாதே.

எழுதுவதற்கு எவ்வளவோ இருக்கிறது. ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது. பெரம்பூரில் 1918-இல் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்துத் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம்தான் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாறு சொல்கிறது. உங்கள் கொள்ளுத்தாத்தா அந்த ஆலையில் நூல் இழுத்தவராக இருக்கலாம். வியாசர்பாடியின் கால்பந்து, எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகள், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்திருக்கும் பள்ளிச் சைக்கிள்கள், கடற்கரை ரயில் நிலையம் பக்கம் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கும் பர்மா தமிழர்கள். ராயபுரத்திலிருந்து காசிமேடு வரை ஒரு முறை நடங்கள். நோட்டில் பெயர்ச்சொற்களை மட்டும் எழுதுங்கள். அழகான, கொடுமையான, மகத்தான என்ற எந்த அடைமொழியும் வேண்டாம். வீடு திரும்பி அந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றை எடுத்து எட்டு வரி எழுதுங்கள்.

கோபத்தையும் எழுதலாம்; எழுத வேண்டும். கேப் டவுனின் மிட்செல்ஸ் பிளெயின் பகுதியிலிருந்து வந்த ப்ராஃபெட்ஸ் ஆஃப் த சிட்டி, நிறவெறி ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் பாடிய பாட்டுக்கு வானொலியில் தடை வந்தது. 1994-இல் மண்டேலா பதவியேற்ற விழாவில் அதே குழு பாடியது. செனகலில் 2011-இல், கெர் கி குழுவின் தியாத்தும் கிலிஃபுவும் பத்திரிகையாளர் ஃபதெல் பாரோவுடன் சேர்ந்து ‘யானா மார்’ இயக்கத்தைத் தொடங்கினார்கள். பாட்டோடு நிற்காமல் இளைஞர்களை வாக்காளர் பட்டியலில் பதியவைத்தார்கள். மூன்றாவது முறை ஆட்சிக்கு முயன்ற அதிபர் வாடே 2012 தேர்தலில் தோற்றார். அவர்கள் வெறும் கூச்சல் போடவில்லை. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்து பேசினார்கள்.

எனவே கோபப் பாட்டுக்கு என் விதி கடுமையானது: சரிபார்க்காத ஒரு வரியும் வரக் கூடாது. எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதைப் பாட வேண்டுமா? அது 2023 டிசம்பர், புயல் மழைக்குப் பிறகு. எந்தக் கரையில் படிந்தது, எந்தப் படகு கறுத்தது, யார் வலையைத் தூக்கி எறிந்தார்கள் என்று அங்கே போய்க் கேட்டு எழுதுங்கள். ஒரு வரி பொய்யானால் அதைக் காட்டியே மீதி வரிகளையும் தள்ளிவிடுவார்கள். தனி மனிதரின் பெயரைச் சொல்லித் திட்ட வேண்டாம். நடந்ததைச் சொன்னால் கேட்பவருக்கே புரியும்.

பெண் பிள்ளைகளுக்கு

மாடிக்கு வரும் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவு. திறமையில் குறைவில்லை, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதுதான் தடை. அதனால் நேரத்தை நாலு மணிக்கு மாற்றினேன். பெற்றோரை ஒரு முறை மாடிக்கே வரவழைத்துப் பாட்டைக் கேட்கவைத்தேன். கற்றுக்கொடுக்கிறவர்கள் இதை ஒரு சலுகையாக நினைக்கக் கூடாது. வகுப்பின் அடிப்படை ஏற்பாடு இது. அவர்களுக்கு எனோ பரோனியைக் கேட்கக் கொடுங்கள். 2021-இல் கானா நாட்டின் பெரிய இசை விருது விழாவில் சிறந்த ராப் பாடகர் விருதைப் பெற்ற முதல் பெண். செனகலின் சிஸ்டர் ஃபா, பெண் உறுப்புச் சிதைப்புக்கு எதிராக ஊர் ஊராகப் போய்ப் பாடியவர். வீட்டுக்குள் பேசக் கூடாது என்று மூடிவைத்ததைத் தன் மக்களிடமே போய்ப் பேசினார். ஒரு பெண் எதையெல்லாம் பாடலாம் என்ற கேள்விக்கு அதற்கு மேல் விடை வேண்டாம்.

பாடுவதும் பதிவதும்

எழுதிய எட்டு வரியைத் தாளில் வைத்து மூச்சு வாங்கும் இடங்களைச் சிவப்பு மையில் குறியுங்கள். நிமிடத்துக்கு 90 தட்டு வேகத்தில் ஒரு வரியை ஒரு பாரில் பாடினால் எட்டு வரிக்கு 21 விநாடி, பதினாறு வரிக்கு ஏறத்தாழ 43 விநாடி ஆகும். மூச்சு எட்டாவது வரிக்குள் தீர்ந்தால் அசைகளைக் குறையுங்கள். வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். தாளத்துக்கு இணையத்தில் கிடைக்கும் பிறருடைய இசையை அனுமதி இல்லாமல் எடுக்காதீர்கள். டோலக் வாசிக்கத் தெரிந்தவர் இல்லாத தெரு நம் பக்கத்தில் இல்லை. நான்கு பார் வாசிக்கச் சொல்லிப் பதிந்து, அதையே திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். அந்த ஒலி வேறெங்கும் கிடைக்காது.

பதிவுக்கு ஸ்டுடியோ வேண்டாம். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதன் முன் நின்று பாடுங்கள், எதிரொலி அடங்கும். கைப்பேசி வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். மின்விசிறியை நிறுத்துங்கள்.

பிறகு, யாருக்கும் அனுப்பும் முன், பாட்டில் வரும் இடத்தைச் சேர்ந்த ஒருவருக்குப் போட்டுக்காட்டுங்கள். மீன் ஏலத்தை எழுதியிருந்தால் ஏலம் விடுகிறவருக்கு. லாரியை எழுதியிருந்தால் ஓட்டுநருக்கு. “இப்படி இல்லைப்பா, நாங்கள் வேறு மாதிரி சொல்வோம்” என்று அவர் திருத்தினால் அந்த வரியை மாற்றிவிட்டு மறுபடியும் பதியுங்கள். எதுகை கெட்டாலும் மாற்றுங்கள். இன்னோர் எதுகை கிடைக்கும். கோப்புக்குத் தெருவின் பெயரையும் தேதியையும் வைத்துச் சேமியுங்கள். அடுத்த மாதத்துக்கு வேறோர் ஊரை எடுங்கள். டெமாவில் தொடங்கியவர் டக்காருக்குப் போகலாம்.